நெகடிவ் யாருக்குச் சொந்தம்?

கலைஞனின் சுதந்திரம் என்னும் சொல்லைக் கவிஞர் எடுத்தால் நாம் தலையசைக்கிறோம். ஓவியர் எடுத்தாலும் மறுப்பதில்லை. நிழற்படம் எடுப்பவர் அதே சொல்லை எடுக்கும்போது மட்டும் நம்மில் பலருக்கு ஒரு சிறு புன்னகை அரும்புகிறது. 'பார்ப்பது கண்ணாடிவில்லை, பதிவது பிலிம். இடையில் விரலை அழுத்துவதைத் தவிர இவர் செய்ததென்ன?' என்பது அப்புன்னகையின் பொருள். அது நியாயமானதா என்று ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். ஆராயப் புகுந்தால், அடியில் வேறொரு வினா காத்திருக்கிறது. எடுக்கப்பட்ட படம் யாருக்குச் சொந்தம் என்பதே அவ்வினா. எடுத்தவருக்கா, பணம் கொடுத்து எடுக்கச் சொன்னவருக்கா, படத்தில் முகமாய் நிற்பவருக்கா?

இவ்வினாவை எழுப்ப வேங்கிக்காலைவிடப் பொருத்தமான ஊர் அரிது என்று நமக்குத் தோன்றுகிறது. ஒருபுறம் ஆட்சியர் அலுவலகமும் அதையொட்டி வளர்ந்த குடியிருப்புகளும், திருமண மண்டபங்களும். மறுபுறம் ஏரியும், எங்கு நின்றாலும் பார்வையை இழுத்துக்கொள்ளும் அண்ணாமலையும். முழுநிலவுதோறும் ஏறத்தாழ 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் மக்கள் வெள்ளம் நகர்கிறது. அவ்வெள்ளத்தின் ஓரத்தில் காவியுடுத்த துறவியர் அமர்ந்திருக்கிறார்கள். அவர்களை நோக்கி நீளும் படக்கருவிகளுக்கும் கைப்பேசிகளுக்கும் கணக்கில்லை. ஒரே முதியவரின் முகம் ஒரே மாலையில் நூறுபேரின் கைகளுக்குள் சென்றுவிடுகிறது. அவரிடம் திரும்பி வருவது ஒன்றுமில்லை.

இச்சூழலில்தான், ஏறத்தாழ மறைந்துவிட்டதென்று எல்லாரும் எண்ணிய பிலிம் சுருளை நம் இளைஞர் சிலர் மீண்டும் தேடிப் பிடிக்கத் தொடங்கியுள்ளனர். இதைப் பழமை மோகம் என்று ஒதுக்கிவிடலாகாது. அதேபோல், 'பிலிமில் எடுப்பதே கலை, மற்றதெல்லாம் வணிகம்' என்று அவர்கள் சொல்வதை அப்படியே ஏற்றுக்கொள்ளவும் இயலாது. இரண்டையும் உரைத்துப் பார்க்க வேண்டும்.

இருளில் உருவாகும் படம்

பிலிம் என்பது வேதியியல். வெள்ளி உப்பின் நுண்படிகங்கள் ஜெலட்டின் என்னும் பசையில் கலந்து, ஒளிபுகும் மெல்லிய தகட்டின்மீது பூசப்பட்டிருக்கின்றன. ஒளி விழுந்த படிகங்களில் கண்ணுக்குத் தெரியாத ஒரு மாற்றம் நிகழ்கிறது. படம் அங்கே இருக்கிறது. ஆனால் எவராலும் அதைக் காண இயலாது. முழு இருளில் அதனை உருத்துலக்கும் கரைசலில் இட்டால், ஒளிபட்ட இடமெல்லாம் கறுத்து வெள்ளியாகிறது. பின்னர் 'ஹைப்போ' என்று ஸ்டூடியோக்காரர் அழைக்கும் கரைசலில் இட்டு, ஒளிபடாத உப்பைக் கரைத்து நீக்கி, நீரில் கழுவி உலர்த்துகிறார்கள். 'பிலிம் கழுவக் கொடுத்திருக்கிறேன்' என்று நம் பெற்றோர் சொல்லி வந்தது இதனையே. கிடைப்பது நெகடிவ்: வெண்மை கருமையாகவும் கருமை வெண்மையாகவும் மாறிக் கிடக்கும் மூலம். அதிலிருந்து எத்தனை படமும் அச்சிடலாம். நெகடிவ் போனால் எல்லாம் போயிற்று.

இச்செய்முறையிலிருந்து இரண்டு விளைவுகள் பிறக்கின்றன. ஒன்று, அளவு. 35 மில்லிமீட்டர் சுருளொன்றில் வழக்கமாக 36 கட்டங்களே உண்டு. ஒவ்வொன்றும் 24க்கு 36 மில்லிமீட்டர். அழித்துவிட்டு மீண்டும் எடுக்க வழியில்லை. மற்றொன்று, காத்திருப்பு. எடுத்த படம் சரியாக வந்ததா என்று அப்போதே பார்க்க இயலாது. ஆகவே எடுப்பவர் கருவியின் முதுகைப் பாராமல் எதிரே நிற்கும் மனிதரைப் பார்க்கிறார். எண்ணியல் கருவி வந்தபின் நாம் இழந்ததும், இழந்ததை அறியாதிருப்பதும் இந்தப் பார்வையையே.

கட்டுப்பாடு சுதந்திரத்திற்குப் பகை என்பது நம் காலத்தின் பொதுக்கருத்து. வெண்பா எழுதிய புலவர் எவரும் இதை ஒப்பமாட்டார். நான்கடிக்குள் நிற்க வேண்டும் என்பதனாலேயே அவர் ஒவ்வொரு சொல்லையும் எடைபோட்டார். முப்பத்தாறு கட்டங்கள் நிழற்படக்காரரின் யாப்பு. எதை எடுப்பது என்பதைவிட எதை எடுக்காமல் விடுவது என்று முடிவுசெய்ய அது அவரைக் கட்டாயப்படுத்துகிறது. வேண்டாம் என்று சொல்லத் தெரிந்தவரே சுதந்திரமானவர் எனில், பிலிம் அந்தப் பயிற்சியைத் தருகிறது என்பதில் ஐயமில்லை.

உரிமை கேட்ட நால்வர்

ஆனால் மனப்பயிற்சி மட்டும் சுதந்திரமாகிவிடாது. அதற்கொரு சட்டமும் பொருளாதாரமும் வேண்டும். இதை உணர்ந்து செயற்பட்டவர்களை வரலாறு நன்கு அறியும். இரண்டாம் உலகப் போர் முடிந்த காலத்தில் நிழற்படக்காரர் பெரும்பாலும் இதழ்களின் ஊழியர். எங்கே செல்வது, எதை எடுப்பது என்பதை இதழாசிரியர் முடிவு செய்வார். எடுத்த படத்தை எப்படி வெட்டுவது, அடியில் என்ன எழுதுவது என்பதும் அவர் கையிலேயே இருந்தது. நெகடிவும் பல நேரங்களில் இதழுக்கே சொந்தம். 1947ஆம் ஆண்டில் ராபர்ட் காப்பா, ஆன்றி கார்த்தியே பிரெஸ்ஸோன், டேவிட் செய்மூர், ஜார்ஜ் ராட்ஜர் ஆகியோர் முன்னின்று 'மேக்னம்' என்னும் கூட்டுறவு அமைப்பைத் தொடங்கினர். படத்தின் பதிப்புரிமை எடுத்தவருக்கே உரியது என்பது அதன் அடிப்படைக் கொள்கை. இதழ்கள் படத்தைப் பயன்படுத்தலாம். சொந்தம் கொண்டாட இயலாது.

இது பணத்தாசையால் எழுந்த கோரிக்கையன்று. நெகடிவ் தம் கையில் இருந்தால்தான், ஒருவர் எடுத்த படத்தை அவர் கண்ட பொருளுக்கு மாறாக மற்றவர் பயன்படுத்துவதைத் தடுக்க முடியும். எழுத்தாளருக்குக் கையெழுத்துப் படி எப்படியோ, நிழற்படக்காரருக்கு நெகடிவ் அப்படி. அதற்காக அவர்கள் கொடுத்த விலையும் சிறிதன்று. காப்பா 1954ஆம் ஆண்டில் இந்தோசீனாவில் கண்ணிவெடியில் மாண்டார். செய்மூர் 1956ஆம் ஆண்டு சூயஸ் போர்க்களத்தில் சுடப்பட்டு இறந்தார்.

அந்நால்வருள் பிரெஸ்ஸோனின் பங்காக ஆசியா அமைந்தது. அதனாலேயே அவர் நம் ஊருக்கும் வந்து சேர்ந்தார்.

1950 ஏப்ரல், திருவண்ணாமலை

1908ஆம் ஆண்டு பிரான்சில் பிறந்த பிரெஸ்ஸோன் முதலில் ஓவியம் பயின்றவர். போரில் செருமானியரிடம் சிறைப்பட்டு, இருமுறை தோற்று மூன்றாம் முறை தப்பியவர். இந்தியா விடுதலை பெற்ற ஆண்டின் இறுதியில் இங்கு வந்தார். 1948 சனவரி 30 அன்று காந்தியடிகளைச் சந்தித்துப் படமெடுத்து விடைபெற்ற சிறிது நேரத்தில் அடிகள் சுடப்பட்டார். சீனாவிலும் இந்தோனேசியாவிலும் சுற்றியபின் 1950ஆம் ஆண்டில் தமிழகத்திற்கு வந்தார். ஏப்ரலில் திருவண்ணாமலையில் தங்கியிருந்தபோது, இரமண மகரிசி புற்றுநோயால் தம் இறுதி நாள்களில் இருந்தார். அம்மாதம் 14ஆம் நாள் இரவு அவர் மறைந்தார்.

மறைவுக்குச் சில நாள்களுக்கு முன் பிரெஸ்ஸோன் எடுத்த படங்களும், மறைவைத் தொடர்ந்து திரண்ட மக்களை எடுத்த படங்களும் உலகெங்கும் அறியப்பட்டவை. இவற்றை, பெங்களூரைச் சேர்ந்த வெல்லிங் என்னும் நிழற்படக்காரர் 1946இல் எடுத்த புகழ்பெற்ற படத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பது பயன்தரும். வெல்லிங்கின் படத்தை நம் ஊர்க் கடைகளிலும் வீடுகளிலும் காணாதவர் இலர். முகமே அங்கு முழுமை. கண்களே அம்முகத்தின் மையம். அது வழிபாட்டிற்கு உகந்த படம். பார்ப்பவரைத் தன் முன்னே நிறுத்தி வைக்கிறது. பிரெஸ்ஸோனின் படங்களோ நம்மை நிறுத்துவதில்லை. உள்ளே அழைத்துச் செல்கின்றன. நோயுற்ற உடல், சுற்றிலும் மனிதர், அவர்களின் தவிப்பு எல்லாம் அங்கே உள்ளன. முன்னவர் ஓர் ஞானியைக் காட்டினார். பின்னவர் ஒரு மரணத்தையும், அதன்முன் ஓர் ஊர் நின்ற நிலையையும் காட்டினார். வெல்லிங் காட்டியது நம் வீட்டுச் சுவருக்கு வந்து சேர்ந்தது. பிரெஸ்ஸோன் காட்டியது நூலுக்குள்ளும் காட்சிக்கூடத்திலும் தங்கிவிட்டது. எந்தப் படம் யாரிடம் போய்ச் சேர்கிறது என்பதும் திறனாய்வுக்கு உரிய பொருளே.

ஆயினும் அந்த ஏப்ரல் மாதத்தின் மிகச் சிறந்த 'படம்' பிலிமில் இல்லை. ஏப்ரல் 14 அன்று இரவு நண்பர்களோடு அமர்ந்திருந்தபோது, ஒளிவீசும் வால்கொண்ட ஒரு விண்மீன் வானில் மெல்ல நகர்ந்து மலையுச்சிப் பக்கம் மறைவதைக் கண்டதாகவும், உடனே கடிகாரத்தைப் பார்த்ததாகவும், மணி 8.47 என்றிருந்ததாகவும் பிரெஸ்ஸோன் பதிவு செய்துள்ளார். மகரிசி மறைந்த நேரமும் அதுவே. அந்நிகழ்ச்சிக்கு நாம் இங்கே விளக்கம் தேடப் போவதில்லை. நம் கவனத்தை ஈர்ப்பது வேறு. கண நேரத்தைப் பிடிப்பதில் உலகில் இணையற்றவர் என்று பெயர்பெற்ற கலைஞரிடம் அக்கணத்தின் படம் இல்லை; அவர் சொல் மட்டுமே உண்டு. கண்டவர் சாட்சியானார், எடுத்தவர் ஆகவில்லை. எடுக்க இயலாதவற்றுக்கு முன் வெறும் மனிதராய் நிற்கத் தெரிவதும் கலைஞரின் சுதந்திரத்தில் ஒரு பகுதி என்பதை இதனினும் நன்றாகச் சொல்லும் நிகழ்ச்சியை நாம் அறியோம்.

1952ஆம் ஆண்டில் அவர் வெளியிட்ட நூல் ஆங்கிலத்தில் 'தீர்மானிக்கும் கணம்' என்ற பொருளுள்ள தலைப்போடு வந்தது. அத்தொடர் பதினேழாம் நூற்றாண்டின் பிரெஞ்சுக் கர்தினாலாகிய ரெட்ஸ் என்பவரின் நினைவுக் குறிப்புகளிலிருந்து எடுக்கப்பட்டது என்பது நம் வாசகருக்குச் சுவையான செய்தியாய் இருக்கலாம். ஆனால் நூலின் பிரெஞ்சுத் தலைப்பு அதுவன்று. 'களவாக, அவசரமாக எடுத்த படங்கள்' என்னும் பொருள் தருவது அது. உரிமமின்றித் தெருவில் கடைவிரித்து, காவலர் வந்தால் ஓடத் தயாராய் நிற்கும் வணிகரைக் குறிக்கும் வழக்கு. ஒரே நூலுக்கு வாய்த்த இவ்விரு பெயர்களில் ஆங்கிலப் பெயர் கலைஞரை உயர்த்துகிறது. பிரெஞ்சுப் பெயரோ அவர் கையைக் காட்டிக் கொடுக்கிறது. பிறர் வாழ்விலிருந்து எதையோ கேளாமல் எடுத்துக்கொண்டு விலகுகிறோம் என்ற உணர்வு அதில் இருக்கிறது. நமக்கு அப்பெயரே நேர்மையானதாகப் படுகிறது.

மதுரைக் குழந்தை

அதே 1950ஆம் ஆண்டில் மதுரையில் அவர் எடுத்த ஒரு படம் அந்நேர்மையைச் சோதனைக்குள்ளாக்குகிறது. எலும்பும் தோலுமாய் ஒரு குழந்தை; அதைத் தாங்கும் மெலிந்த கை; பின்னால் பெரியதொரு வண்டிச் சக்கரம். சக்கரத்தின் ஆரங்களும் குழந்தையின் விலாவெலும்புகளும் ஒன்றையொன்று எதிரொலிக்கின்றன. ஓவியம் பயின்ற கண்ணுக்கே அந்த ஒற்றுமை அக்கணத்தில் புலப்படும். பசியின் கொடுமையை இவ்வளவு சுருக்கமாகச் சொன்ன படம் அரிது.

அங்கேதான் இடர்ப்பாடும் இருக்கிறது. படம் அழகாக இருக்கிறது. அழகாக இருப்பதனாலேயே மனத்தில் நிற்கிறது. அழகாக இருப்பதனாலேயே நெஞ்சை உறுத்தவும் செய்கிறது. அக்குழந்தையின் விலாவெலும்பு ஒரு வடிவமைப்பின் உறுப்பாகலாமா? நம் மறையுரைகளில் பழகிய நாவுக்கு உடனே ஒரு விடை வருகிறது: 'இது துயருறும் அன்னையின் சிற்பம், மைக்கேலாஞ்சலோவின் பியெத்தா.' இவ்விடை எளியது. எளியதென்பதாலேயே நாம் அதனை ஐயுற வேண்டும். மரியாவின் மடியில் கிடந்தவருக்குப் பெயர் உண்டு, ஊர் உண்டு, வரலாறு உண்டு. மதுரைக் குழந்தைக்கு நமக்குத் தரப்பட்டிருப்பது ஊர்ப்பெயரும் ஆண்டும் மட்டுமே. பெயரில்லாத துயரத்தின்மீது நமக்குத் தெரிந்த புனிதப் பெயரொன்றைப் போர்த்திவிட்டால் நம் மனம் ஆறுதலடையும். அக்குழந்தைக்கு அதனால் ஆவது ஒன்றுமில்லை.

மேக்னம் அமைப்பின் கொள்கையை இப்படத்தின்முன் வைத்துப் பார்ப்போம். நெகடிவ் எடுத்தவருக்குச் சொந்தம். இதழாசிரியரின் கத்தரிக்கோல் அதைத் தீண்டாது. நன்று. ஆனால் அந்தத் தாய்க்கு அதில் பங்கென்ன? முதலாளிக்கு எதிராகக் கலைஞர் வென்றெடுத்த சுதந்திரம், எளியவருக்கு எதிரே வந்து நிற்கும்போது அதுவே ஓர் அதிகாரமாகிவிடுகிறது. உரிமை கேட்ட அந்த மேசையில் நால்வருக்கு இருக்கை இருந்தது. படத்தில் நிற்பவருக்கு இருக்கை இல்லை. படைப்புச் சுதந்திரத்தைப் பற்றிய எந்தப் பேச்சும் இந்த வெற்று இருக்கையைக் கணக்கில் கொள்ளாதவரை முழுமை பெறாது என்பது நம் கருத்து.

இதனால் பிரெஸ்ஸோனின் பெருமையைக் குறைக்கிறோம் என்று எவரும் எண்ண வேண்டா. அவர் எடுத்திராவிடில் அக்குழந்தை நம் கண்ணுக்கு எட்டாமலே போயிருக்கும். பெரிய மனிதரின் முன்னிலும் அவர் கண் கூட்டத்தின் முகங்களையே நாடியது. பின்னாளில் திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் ஆகவிருந்த கர்தினால் பச்செல்லியை 1938ஆம் ஆண்டு பாரீசின் மோன்மார்த்தில் அவர் எடுத்த படத்தில், கர்தினால் நமக்கு முதுகு காட்டுகிறார். அவரை நெருங்கிவந்த எளிய மக்களின் ஆர்வமே படமாகிறது. இவ்வளவு நுட்பமான பார்வை உடையவரிடம்தான் இவ்வளவு கடினமான வினாவையும் கேட்க முடியும்.

தீண்டாத நெகடிவும் கீறிய நெகடிவும்

பிரெஸ்ஸோன் தம் படங்களை ஓரம் வெட்டாமல் முழுக்கட்டமாகவே அச்சிட வேண்டுமென வற்புறுத்தி வந்தார். விதிவிலக்குகள் மிகச் சில. கண்ட கணத்தைப் பின்னர் திருத்தலாகாது என்பது அவர் நெறி. ஆனால் அவர் தாமே இருட்டறையில் நின்று அச்சிடுபவர் அல்லர். எடுத்த சுருளை அனுப்பிவிடுவார். கழுவுவதும் அச்சிடுவதும் பிறர் பணி. ஆசியப் பயணத்தில் எடுத்த பல படங்களை அவர் மாதக்கணக்கில் கண்ணால் காணவில்லை. ஆக, தனிமனித சுதந்திரத்தின் சின்னமாய்ப் போற்றப்படும் கலைஞரின் வெற்றி, சிவப்பு விளக்கின் கீழே கரைசலில் கைநனைத்த தொழிலாளரின் நம்பகத்தன்மையைச் சார்ந்திருந்தது. தனித்து நிற்கும் படைப்பாளி என்பது பெரும்பாலும் ஒரு கற்பனையே.

இதற்கு நேர்மாறான வழியில் சென்றவர் ஒருவரும் நம் திருவண்ணாமலையில் குடியேறியவர்தாம். கொச்சியின் மட்டாஞ்சேரியில் பிறந்து, பி.டி.ஐ. செய்தி நிறுவனத்தில் நிழற்படச் செய்தியாளராய்ப் பணியாற்றி, அதைவிட்டு விலகித் தம் வழியே சென்றவர் அபுல் கலாம் ஆசாத். நாட்டின் முதற் கல்வியமைச்சரின் பெயரைத் தாங்கியவர். நெகடிவைத் தீண்டாப் பொருளாகக் கொள்ளாமல், அதன்மீது கீறுவதும் அச்சிட்ட படத்தின்மேல் வரைவதும் வண்ணம் தீட்டுவதுமாக இயங்கியவர். 'ஏகலோகம்' என்னும் நிழற்பட அறக்கட்டளையின் வழியாக, 2014-15ஆம் ஆண்டுகளில் 'திட்டம் 365' என்ற பெயரில் திருவண்ணாமலையின் அன்றாட வாழ்வை ஓராண்டுக் காலம் பலர் சேர்ந்து பதிவு செய்யும் பணியை முன்னெடுத்தார்.

செய்திப் படம் என்பது 'நடந்தது இதுவே' என்று அடித்துச் சொல்லும். நெகடிவில் விழுந்த கீறல் 'இது நான் கண்டது மட்டுமே' என்று அடங்கிச் சொல்லுகிறது. செய்தி நிறுவனத்திலிருந்து வந்த ஒருவர் இவ்வாறு கீறத் தொடங்கியதை நாம் வீம்பென்று கருதவில்லை. படம் உண்மையை முழுமையாகச் சொல்லிவிடும் என்ற இறுமாப்பைத் தாமே உடைத்துக்கொண்ட செயலாகக் கருதுகிறோம். ஆனால் இங்கும் ஒரு வினா எழாமலில்லை. கீறப்படுவது வெறும் வெள்ளிப்படலமா, ஒரு மனிதரின் முகமா? கலைஞரின் கைவரிசை பெருகப் பெருக, முகத்துக்குரியவர் மேலும் ஒருபடி பின்னே தள்ளப்படும் அபாயமும் உண்டு. ஆயினும் சில நாள் தங்கிச் சென்ற பயணியின் பார்வைக்கும், ஓராண்டு முழுதும் ஓர் ஊரின் பருவங்களோடு தங்கியிருந்த பார்வைக்கும் வேறுபாடு பெரிது. வெற்று இருக்கையை நிரப்பும் வழியில் அது ஓர் அடியேனும் முன்வைத்திருக்கிறது.

விலையும் வாழ்வும்

இனி நம் இளைஞரிடம் திரும்புவோம். அவர்கள் பிலிம் என்று சொல்லும்போது அதன் விலையையும் சொல்ல வேண்டும். ஒருகாலத்தில் நாமே பிலிம் செய்தோம். 1960ஆம் ஆண்டில் நிறுவப்பட்டு 1967இல் உற்பத்தியைத் தொடங்கிய உதகமண்டலம் இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் ஆலையின் 'இந்து' பிலிமும் தாளும் நம் சிற்றூர் ஸ்டூடியோக்களுக்கெல்லாம் சென்றன. தொண்ணூறுகளில் அவ்வாலை நலிந்தது. இன்று அது மூடப்பட்டுவிட்டது. உலகப் பெருநிறுவனமாகிய கோடக்கே 2012 சனவரியில் திவாலாகி நீதிமன்றத்தை நாடியது. இன்று கிடைப்பவை பெரும்பாலும் இறக்குமதிச் சுருள்கள். சுருளின் விலையோடு கழுவும் கூலியும் சேர்ந்தால் ஒரு கூலித் தொழிலாளியின் நாள் வருமானத்தை அது எளிதில் மிஞ்சும். வசதி படைத்தவரின் தவமாகப் பிலிம் மாறிவிடும் ஆபத்தை மறைப்பதில் பயனில்லை.

நம் பகுதி இளைஞர் ஒருவர் திருமண நிழற்பட நிறுவனமொன்றில் வேலை பார்த்தவர். ஒரு திருமணத்துக்கு ஆயிரக்கணக்கில் எடுத்துத் தள்ளுவதும், மணமக்களின் நிறத்தையே கணினியில் மாற்றிக் கொடுப்பதும் மனம் ஒவ்வாமல் வேலையை விட்டார். தம் தாய்மாமன் வைத்திருந்த பழைய கருவியோடு கிரிவலப் பாதையில் நடக்கத் தொடங்கினார். அவருடைய தாயார் நம்மிடம் வந்து கண் கலங்கினார். மாதந்தோறும் வந்துகொண்டிருந்த வருமானம் நின்றுவிட்டதே அதன் காரணம். இளைஞரை அழைத்துக் கேட்டோம். "சாமி, முப்பத்தாறுதான் இருக்கு. அதனால யாரை எடுக்கிறேன்னு எனக்குத் தெரிஞ்சாகணும். பேர் கேக்காம நான் யாரையும் எடுக்கிறதில்ல. முதல் பிரிண்டு அவங்களுக்குத்தான்" என்றார்.

அவர் சொன்ன கடைசி இரண்டு தொடர்களுக்காகவே இக்கட்டுரை எழுதலாயிற்று. பெயர் கேட்பதும் முதற்படியை உரியவருக்குக் கொடுப்பதும் பெரிய கலைக்கோட்பாடுகள் அல்ல. ஆயினும் 1947இல் மேக்னம் வகுத்த நெறியில் விடுபட்டுப்போன பகுதி அவற்றில் இருக்கிறது. நெகடிவ் அவருக்குச் சொந்தமாய் இருக்கட்டும். முகம் அதற்குரியவருக்குச் சொந்தம் என்பதை அந்த முதற்படி ஒப்புக்கொள்கிறது. பாதையோரத் துறவி ஒருவர் தம் பையிலிருந்து அவ்வாறு கிடைத்த படத்தை எடுத்து நம்மிடம் காட்டியதுண்டு. நூறுபேர் எடுத்துச் சென்ற முகம் அது. திருப்பிக் கொடுக்கப்பட்டது அந்த ஒருமுறைதான் என்றார் அவர்.

ஆனால் தாயாரின் கண்ணீரையும் நாம் திறனாய்வின் எல்லைக்கு வெளியே தள்ள இயலாது. வயிற்றை மறந்து பேசப்படும் சுதந்திரம் யாரோ ஒருவரின் தோளில் ஏறித்தான் பேசப்படுகிறது. பெரும்பாலும் அத்தோள் ஒரு பெண்ணுடையது. திருமணப் படம் எடுப்பது இழிதொழில் அன்று. ஒரு குடும்பத்தின் நினைவைக் காப்பது சிறந்த பணி. இழிவு எதில் இருக்கிறதென்றால், மணப்பெண்ணின் முகத்தை அவளே அறியாத வேறொரு முகமாக மாற்றிக் கொடுப்பதில் இருக்கிறது. அந்த ஒன்றை மறுக்கும் உறுதியோடு, திங்களில் இரண்டு திருமணங்களை ஏற்றுக்கொண்டு எண்ணியல் கருவியால் எடுத்துக் கொடுக்கட்டும். மீந்த நாள்களில் பிலிமோடு நடக்கட்டும் என்று சொன்னோம். அவர் இன்னும் முழுமனதாய் ஒப்பவில்லை. ஒப்ப வேண்டிய கட்டாயமும் இல்லை, முடிவு அவருடையது.

கருவியன்று, கண்

கலைஞர்களுக்கு 1999ஆம் ஆண்டு உயிர்ப்புப் பெருவிழாவன்று ஒரு மடல் எழுதினார் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல். இரண்டாம் அருள் சின்னப்பர் என்று நாம் அழைத்துப் பழகியவர் அவரே. படைப்பவருக்கும் கைவினைஞருக்கும் உள்ள வேறுபாட்டை அம்மடல் தொடக்கத்திலேயே எடுத்துரைக்கிறது. இல்லாமையிலிருந்து உண்டாக்குபவர் இறைவன் ஒருவரே. மனிதனோ முன்பே இருக்கும் ஒன்றை எடுத்து அதற்கு உருவும் பொருளும் தருபவன். ஓவியருக்கும் கவிஞருக்கும் இவ்வுண்மை சிலபோது மறந்துபோகலாம். நிழற்படக்காரருக்கு மறக்க வழியே இல்லை. எதிரே ஒருவர் நின்றால்தான் அவர் கலை. முன்பே இருக்கும் ஒளி, முன்பே இருக்கும் முகம், முன்பே இருக்கும் துயரம் இவற்றிலிருந்தே அவர் தொடங்குகிறார். தொடக்கத்தில் நாம் குறிப்பிட்ட அந்தப் புன்னகைக்கு இதுவே விடை. பெற்றுக்கொள்வதிலிருந்து தொடங்கும் கலை தாழ்ந்ததன்று. தன் எல்லையை மறவாத கலை அது.

அவ்வாறாயின் அக்கலையின் சுதந்திரம் பெற்றுக்கொண்டவரின் சுதந்திரம், கடன்பட்டவரின் சுதந்திரம். முதலாளியின் கட்டளைக்கும் சந்தையின் விருப்பத்துக்கும் 'இல்லை' என்று சொல்ல அவருக்கு முழு உரிமை உண்டு. எதிரே நிற்கும் மனிதருக்கு அவர் பதில் சொல்லக் கடமைப்பட்டவர். முன்னது இல்லையேல் அவர் கூலியாள். பின்னது இல்லையேல், அவர் கையிலிருப்பது எவ்வளவு உயர்ந்த கருவியாயினும் அவர் எடுத்துச் செல்பவர் மட்டுமே.

பிலிம் இதைக் கற்றுத்தர உதவும் என்றே நாம் கருதுகிறோம். பிலிம் இல்லாமலும் கற்கலாம். கைப்பேசியால் எடுப்பவரும் பெயர் கேட்கலாம். ஒன்றை எடுத்தபின் நிறுத்திக்கொள்ளலாம். எடுத்ததைக் காட்டி ஒப்புதல் பெறலாம். பழைய கருவியைத் தோளில் மாட்டியவர் இவற்றைச் செய்யாது போனால், அவருடைய வெள்ளிப்படிகங்கள் அவரைக் காப்பாற்றா.

வரும் முழுநிலவுக்கும் நம் சாலைகள் நிரம்பும், கருவிகள் நீளும். நம் வீட்டுப் பிள்ளைகளும் அக்கூட்டத்தில் இருப்பார்கள். அவர்கள் கொண்டுவந்து காட்டும் படங்களைக் கண்டு 'அழகு' என்று சொல்லி அத்தோடு விட்டுவிட வேண்டா. அடுத்து ஒரு வினாவையும் கேட்போம்: 'இவர் பெயர் என்ன?' விடை கிடைத்தால் மகிழ்வோம். கிடைக்காவிடில், மறுநாள் காலையில் போய்க் கேட்டுவர அனுப்பிவைப்போம். முதியவர் அங்கேதான் அமர்ந்திருப்பார்.